கூடத்தில் ஒரு கல்லா

புதுச்சேரி நேரு வீதியில் நடக்கிறவர்கள் அண்ணாந்து பார்ப்பதில்லை. பார்க்க விடாது அந்த வீதி. கண் மட்டத்தில் செருப்பு, கைப்பேசி, ரெடிமேட், இனிப்பு, காலை இடிக்கும்படி நிறுத்திய வண்டிகள், காதருகே ஹாரன். எங்காவது ஓரமாக ஒதுங்கி நின்று, கடைப் பலகைகளுக்கு மேலே பார்வையை ஏற்றினால் வேறொரு ஊர் தெரியும். வளைவு வைத்த சன்னல்கள், சாய்சட்டக் கதவுகள், சுவரோடு ஒட்டிய அரைத்தூண்கள், கைப்பிடிச் சுவரின் சுதை வேலை, அதன் விரிசலில் வேர்பிடித்த அரசங்கன்று. கீழே ஷட்டரும் எல்இடி விளக்கும். மேலே பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளெக்ஸ் பெயரைச் சுமந்திருந்த காலத்து வீதியின் மிச்சம். கீழ்த்தளத்தை வியாபாரம் தின்றுவிட்டது. மேல்தளத்தைத் தின்ன அதற்கு இன்னும் அவசியம் வரவில்லை. மாடியேறிப் போய்ப் பொருள் வாங்க நம் ஆட்கள் சோம்பேறிகள். அந்தச் சோம்பலுக்குக் கட்டடக்கலை வரலாறு நன்றி சொல்ல வேண்டும்.

இந்த ஊரில் வீடு கடையாவது இரண்டு விதம். நேரு வீதியிலும் காந்தி வீதியிலும் நடந்தது பழைய விதம். முதலில் திண்ணையில் ஒரு பெட்டிக்கடை வரும், பிறகு திண்ணையே இடிந்து ஷட்டர் வரும், பிறகு முன்கட்டு முழுக்கச் சரக்கு ஏறும், வீட்டுக்காரர்கள் பின்கட்டுக்கோ மாடிக்கோ நகர்வார்கள், ஒருநாள் அங்கிருந்தும் போய்விடுவார்கள். இது ஒரு தலைமுறை, இரண்டு தலைமுறை எடுத்துக்கொள்ளும் வேலை. இரண்டாவது விதம் அண்மைக் காலத்தது. ஊரைப் பிரெஞ்சுப் பகுதி, தமிழ்ப் பகுதி என்று பிரிக்கும் வாய்க்காலுக்குக் கிழக்கே பிரெஞ்சுப் பகுதியிலும், மேற்கே மிஷன் வீதியை ஒட்டிய சந்துகளிலும் பார்க்கலாம். வீடு முழுதாகக் கைமாறும். சுவர் சுரண்டப்பட்டு, காவியும் வெள்ளையும் பூசப்பட்டு, தூண்களுக்கு எண்ணெய் தடவப்பட்டு, உள்ளே கைத்தறியும் மண்பாண்டமும் வாசனைச் சோப்பும் வந்து உட்காரும். முன்னது வீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துத் தின்னும். பின்னது வீட்டை எடுத்து உடுத்திக்கொள்ளும். அரித்துத் தின்றதைப் பற்றி நாம் நிறையப் புலம்பியாகிவிட்டது. எனக்கு உடுத்திக்கொண்டதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

தமிழ்ப் பகுதியின் வீடு தெருவிலேயே தொடங்கிவிடும். மரக்கால் நிறுத்தி, ஓடு வேய்ந்து, தெருப்பக்கமாகச் சாய்த்து இறக்கிய கூரையை இங்கே தாழ்வாரம் என்பார்கள். கட்டியவர் வீட்டுக்காரர், நிழல் வழிப்போக்கருக்கு. அடுத்தடுத்த வீட்டுத் தாழ்வாரங்கள் சேர்ந்துகொண்டால் தெருமுனை வரை வெயில் படாமல் நடந்துவிடலாம். அதற்கு உள்ளே, இரண்டு படி உயரத்தில் திண்ணை: வழவழவென்று தீற்றிய மேடை, சுவரோரத்தில் சாய்ந்துகொள்ள ஒரு சரிவு. அப்புறம் நிலைக்கதவு. அதைத் தாண்டினால் வெளிச்சம் குறைந்த நடை. நடை முடிந்ததும் தலைக்கு மேல் வானம் திறக்கும் முற்றம், அதைச் சுற்றி மரத்தூண்கள், தூண்களுக்குப் பின்னால் கூடம், அறைகள். வசதியான வீடாயிருந்தால் இன்னொரு முற்றம். பிறகு அடுப்படி, கிணறு, கொல்லை, கொல்லைக் கதவு, பின்சந்து. பல வீடுகளில் கதவுகள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் இருக்கும். வாசலில் நின்றால் கொல்லை வெளிச்சம் தெரியும். கடற்காற்று கிளம்பும் மாலையில் அந்த நேர்கோடு எதற்கு என்று உடம்புக்குத் தெரியும். முற்றத்துச் சூடான காற்று மேலே போக, நடையின் குளிர்ந்த காற்று உள்ளே இழுபடும். மின்விசிறி வருவதற்கு முந்தைய ஏற்பாடு.

இதற்கு மேல் ஒரு மாடி ஏறியபோதுதான் புதுச்சேரிக்கே உரிய கலப்பு நடந்தது. கீழே தாழ்வாரமும் திண்ணையும் மரத்தூணுமாகத் தமிழ் வீடு. மேலே வளைவுச் சன்னலும் செங்கல் தூணும் கைப்பிடிச் சுவருமாக வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து வீடு. ரங்கப்பிள்ளை வீதியில் இன்றும் நிற்கும், நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை இதற்கு மூத்த சாட்சி: கீழ்த்தளத்தில் செதுக்கிய மரத்தூண்கள், மேல்தளத்தில் காரை பூசிய ஐரோப்பியத் தூண்கள். 1730களில் கட்டிய வீடு. 1761 ஜனவரியில் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்துக் கோட்டையையும் வெள்ளையர் பகுதியையும் தரைமட்டமாக்கியபோது தப்பியது. பிள்ளை அந்த மாதம் 12ஆம் தேதி இறந்துபோனார். ஊர் வீழ்ந்தது 16ஆம் தேதி. வாய்க்காலுக்குக் கிழக்கே இன்று நாம் படம் எடுத்துக்கொள்ளும் மஞ்சள் சுவர்களெல்லாம் 1765க்குப் பிறகு மறுபடி எழும்பிய ஊருடையவை. நேர்நேரான வீதிகளின் கட்டம் மட்டும் பழையது. அதற்கு வரைபடம் போட்டவர்கள் 1693 முதல் சில ஆண்டுகள் ஊரைக் கையில் வைத்திருந்த டச்சுக்காரர்கள். பிரெஞ்சு அழகு என்று நாம் மெச்சும் நேர்வீதிகள் டச்சுக் கணக்கு என்பதை இந்த ஊர் வழிகாட்டிகள் சிலர் சொல்கிறார்கள், பலர் விட்டுவிடுகிறார்கள்.

சரி, உள்ளே போவோம். இந்தச் சந்துகளில் உள்ள ஏதாவது ஒரு துணிக்கடையை எடுத்துக்கொள்ளலாம். பெயர் வேண்டாம், எல்லாவற்றுக்கும் நடை ஒன்றுதான். திண்ணையில் ஒரு பித்தளை அண்டாவில் பூ மிதக்கும். யாரும் அதில் உட்காரக் கூடாது என்பதற்கு எழுத்து தேவையில்லை, அண்டாவே போதும். நிலைக்கதவுக்குப் பக்கத்தில் சீருடைக் காவலாளி. நடையில் நெட்டுக்குத்தாகக் கண்ணாடி. முற்றத்தின் மேல் பாலிகார்பனேட் தகடு. ஏசி போட வேண்டும், மழை உள்ளே விழக் கூடாது, வெளிச்சம் மட்டும் வந்தால் போதும். தகட்டின் கீழே துளசி மாடம் இருந்த இடத்தில் விற்பனைக்கு வைத்த கல்தொட்டி. முன்பு மழைநீர் இறங்கிப் போன முற்றத்துத் தூம்பின் வாயைச் சிமெண்ட் வைத்து அடைத்திருப்பார்கள். கூடத்தில் கல்லா. அதற்கு நேர்மேலே உத்தரத்தில் இரண்டு இரும்புக் கொக்கிகள்: ஊஞ்சல் தொங்கியவை. இப்போது அவற்றில் விளக்கு தொங்குகிறது. இருட்டான உள்ளறை, அதாவது நெல் குதிரும் பிரசவமும் இருந்த அறை, உடை மாற்றிப் பார்க்கும் அறையாகியிருக்கும். அடுப்படியில் காபி மெஷின். கொல்லையில் நான்கு மேசை, கிணற்றுக்கு இரும்பு வலை.

அழகாகத்தான் இருக்கிறது. இதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். வெறுப்பில் பேசுகிற ஆள் நான் இல்லை. இத்தகைய கடைகளில் காரணமில்லாமல் உலவியிருக்கிறேன், விலைச்சீட்டைப் பார்த்துவிட்டு வெளியே வந்துமிருக்கிறேன். தூணைத் தொட்டுப் பார்க்கலாம், தரையின் சிவப்புக் காவியில் முகம் பார்க்கலாம், மாடிப்படியின் தேய்ந்த விளிம்பில் கால் வைக்கலாம். அடுக்குமாடிக்காக இடிபட்டிருந்தால் இதில் ஒன்றும் மிஞ்சியிராது. ஆனாலும் அங்கே உலவும்போது ஒரு சங்கடம் தொடர்ந்து வந்தது. எதனால் என்று எனக்குப் பிடிபட வெகுகாலம் ஆயிற்று. எல்லாம் அதனதன் இடத்தில்தான் இருந்தது. நான்தான் இருக்கக் கூடாத இடத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

சுவரும் தூணும் அந்த வீட்டின் பாதிதான். யார் எதுவரை வரலாம் என்பது மறுபாதி. தாழ்வாரம் எல்லோருக்கும். திண்ணை தெரிந்தவருக்கும் அலுத்து வந்த வழிப்போக்கருக்கும். நடை வரை வியாபாரக்காரர். முற்றம் வரை உறவு. கூடத்தில் சம்பந்தி. அடுப்படியில் அந்த வீட்டுப் பெண்கள் தவிர யாரும் இல்லை. ஒவ்வொரு படியும் ஒவ்வொரு நிலைக்கதவும் ஒரு கேள்வி கேட்கும்: நீ யார், யாருடைய மகன், என்ன வேலையாக வந்தாய்? பதிலைப் பொறுத்து இன்னும் நாலடி உள்ளே. திண்ணைக்கும் அடுப்படிக்கும் இடையில் இருக்கும் தூரத்தைக் கடக்கச் சிலருக்கு ஒரு கல்யாணம் தேவைப்பட்டது.

வேறு சிலருக்கு ஒரு ஜென்மம் போதவில்லை. திண்ணையை நாம் விருந்தோம்பலின் சின்னமாக எழுதிப் பழகியிருக்கிறோம். நானும் எழுதியிருப்பேன். வழிப்போக்கன் படுத்துறங்க மேடை கட்டிவைத்த சமூகம் என்று மேடையில் முழங்கினால் கைதட்டு விழும். அந்த வழிப்போக்கனுக்குச் சாதி இருந்தது. திண்ணையில் ஏறலாகாதவர் தெருவில் நின்று குரல் கொடுத்தார். தெருவுக்குள்ளேயே வரலாகாதவர் பின்சந்து வழியாகக் கொல்லைக்கு வந்து, கழிவை எடுத்துக்கொண்டு அதே வழியாகப் போனார். கொல்லைக் கதவு காற்றுக்காக மட்டும் வைத்ததல்ல. வைசியாள் வீதி, செட்டித் தெரு, வெள்ளாளர் வீதி என்று தெருக்களின் பெயரே யார் எங்கே குடியிருக்கலாம் என்பதை எழுதி ஒட்டியிருந்தது. வீட்டுக்குள் மட்டுமா? பிள்ளையின் நாட்குறிப்பில் 1745ஆம் ஆண்டுச் செய்தி ஒன்று வருகிறது. தேவாலயத்துக்குள் சாதிக் கிறிஸ்தவர்களையும் பறையர் கிறிஸ்தவர்களையும் பிரித்துவைத்த சுவரை எடுக்கச் சொல்லிப் பறையர் தரப்பினர் பாதிரியாரிடம் போனார்கள், சுவர் எடுக்கப்பட்டது, அதனால் கலகம். கடவுளின் வீட்டிலேயே சுவர் வேண்டியிருந்த ஊரில் மனிதரின் வீட்டில் நிலைக்கதவு என்ன செய்திருக்கும் என்று ஊகிக்கலாம்.

இங்கேதான் என் சங்கடம் தலைகீழாகிறது. கடை வந்த பிறகு யாரும் யாரையும் கேட்பதில்லை. பக்கத்து ஊரிலிருந்து வந்த பெண் ஒருத்தி, அவள் பாட்டி இந்தத் தெருவில் திண்ணைக்குக் கீழே நின்றவளாக இருக்கலாம், நேராகக் கூடத்தைத் தாண்டி உள்ளறைக்குள் போய்ச் சுடிதாரைப் போட்டுப் பார்த்துவிட்டு வருகிறாள். அடுப்படியில் உட்கார்ந்து காபி குடிக்கிறாள். எந்தச் சீர்திருத்தச் சங்கமும் சாதிக்காததை ஒரு வாடகை ஒப்பந்தம் சாதித்துவிட்டது என்று ஒருகணம் தோன்றும். அந்தக் கணத்தை நான் மலிவாக விட்டுக்கொடுக்க மாட்டேன். பழைய ஒழுங்கு குலைந்ததற்காக அழத் தோன்றும்போதெல்லாம், அந்த ஒழுங்கில் என் இடம் எது, என் பக்கத்தில் நிற்பவரின் இடம் எது என்று கேட்டுக்கொண்டு அழுவது நல்லது.

ஆனால் காவலாளி எதற்கு நிற்கிறார்? அவர் சாதி கேட்பதில்லை, காலில் என்ன போட்டிருக்கிறோம் என்று பார்க்கிறார். பெரிய மார்க்கெட்டில் மீன் விற்றுவிட்டு வரும் அம்மாள் இந்த வாசலில் ஏறமாட்டார். யாரும் தடுத்ததால் அல்ல, ஏற வேண்டும் என்றே அவருக்குத் தோன்றாது. பழைய வீட்டில் உள்ளே போகப் போகக் கெடுபிடி கூடியது. இப்போது எல்லாக் கெடுபிடியும் வாசற்படி ஒன்றில் வந்து சேர்ந்திருக்கிறது. அதைத் தாண்டியவருக்கு அடுப்படி வரை தங்குதடை இல்லை. தாண்டாதவருக்குத் தாழ்வார நிழலும் இல்லை. காரணம், தாழ்வாரமே பெரும்பாலும் போய்விட்டது. வண்டி நிறுத்த இடம் தேவைப்பட்டபோது முதலில் பலியானது அதுதான். வீட்டில் எல்லோருக்குமாக இருந்த ஒரே பகுதி போய், வெளியார் ஒருவருக்குமே திறக்காத பகுதிகள் பொதுவாகியிருக்கின்றன.

வைசியாள் வீதியில் மட்டும் தாழ்வாரம் போன இந்தப் போக்கை எதிர்த்திசையில் திருப்பிப் பார்த்தார்கள். கல்வே சுப்பராயச் செட்டி வீதி என்ற இன்னொரு பெயரும் அதற்கு உண்டு. 2002 முதல் 2004 வரை, ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தின் கீழ், பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக் அந்த வீதியில் வரிசையாகச் சில வீடுகளின் முகப்பைச் சீர்செய்தது. செலவில் ஒரு பங்கை வீட்டுக்காரர்கள் போட்டார்கள். போயிருந்த தாழ்வாரங்கள் மறுபடி வந்தன. ஒரு வீட்டை அலங்கரிப்பதற்கும் ஒரு வரிசையைத் திரும்பச் சேர்ப்பதற்கும் என்ன வித்தியாசம் என்பதை மதிய வெயிலில் அங்கே நடந்து பார்த்தால் புரியும். பிறகு அங்கேயும் விடுதி, உணவகம், கடை என்று வந்தன. வராமல் இருக்குமா.

கடையும் வீடும் என்றைக்கும் எதிரும் புதிருமாக இருந்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இந்த வீடுகள் எல்லாமே வியாபாரம் கட்டிய வீடுகள். ஆனந்தரங்கப் பிள்ளை துய்ப்ளெக்ஸின் துபாஷ், அதாவது மொழிபெயர்ப்பாளர், என்றுதான் பாடப்புத்தகம் சொல்லும். அவர் வியாபாரி, ‘ஆனந்தப் புரவி’ என்று சொந்தக் கப்பல் ஓடியது. நாட்குறிப்பில் அவர் அடிக்கடி போய் உட்காரும் இடம் அவருடைய பாக்குக் கிடங்கு. கவர்னர் சொன்னதும் ஊர்ப் பேச்சும் சரக்கு விலையும் சகுனமும் அங்கேதான் வந்து சேர்கின்றன. 1736 முதல் அவர் எழுதிவந்த அந்த ஏடுகள் பல காலம் குடும்பத்தார் வசமே கிடந்தன. 1846இல் கலுவா மோம்பிரேன் என்ற பிரெஞ்சுக்காரர் அவற்றைக் கண்டு பிரதி எடுக்க வைத்த பிறகே உலகத்துக்குத் தெரிந்தன. வியாபாரியின் வீடு என்பதால்தான் எழுதிவைக்கும் பழக்கம் இருந்தது. கணக்கு எழுதும் கை ஒருநாள் ஊரையும் எழுதத் தொடங்கிவிட்டது.

பிள்ளைக்கு அடுத்த நூற்றாண்டில் தமிழ்ப் பகுதி வீடுகளுக்கு மாடி ஏறிய பணம் மூன்று வழியாக வந்தது. ஒன்று நீலத் துணி. புதுச்சேரியில் நெய்து அவுரியில் தோய்த்த ‘கினே’ என்ற முரட்டுத் துணி கப்பலேறிச் செனகலுக்குப் போயிற்று. அங்கே அதைக் கொடுத்து வேலம் பிசின் வாங்கினார்கள் பிரெஞ்சு வியாபாரிகள். 1820களின் கடைசியில் இங்கே சவானா பஞ்சாலை எழும்பியதும் இந்தத் துணியின் தயவில்தான். இரண்டாவது நிலக்கடலை, மார்செய் நகரத்து எண்ணெய்க்கும் சோப்புக்கும் மூட்டை மூட்டையாகப் போனது. மூன்றாவது சைகோன். இந்தோசீனாவில் பிரெஞ்சு அரசு உத்தியோகம் பார்த்த புதுச்சேரித் தமிழர்கள் அனுப்பிய பணத்தில் எத்தனையோ வீட்டுக்குப் பர்மாத் தேக்குத் தூண் வந்தது. ஆக, அவுரி நீலத் துணி விற்றுக் கட்டிய வீட்டில் இன்று அவுரிச் சாயமிட்ட குர்த்தா விற்கிறது. கடைக்காரருக்கு இது தெரிந்திருந்தால் விலைச்சீட்டில் அச்சடித்து இன்னும் இருநூறு ரூபாய் கூட்டியிருப்பார். தெரியாமல் இருப்பது நமக்கு லாபம்.

பழைய மண்டி வீட்டுக்கும் புதிய கடை வீட்டுக்கும் உள்ள வேறுபாடு, முன்னதில் வியாபாரம் செய்தவரும் குடியிருந்தவரும் ஒரே ஆள் என்பது. சாயங்காலம் கணக்கை மூடிவிட்டு உள்ளே போனால் சோறு இருந்தது. ஓடு உடைந்தால் அவர் தலையில்தான் சொட்டும். அதனால் ஓடு மாற்றப்பட்டது. இன்றைய கடையில் குடியிருப்பவர் இல்லை. இரவு ஒன்பது மணிக்கு விளக்கை அணைத்துப் பூட்டிக்கொண்டு போகிறார்கள். வீட்டுக்காரரோ பெரும்பாலும் ஊரிலேயே இல்லை.

ஏன் இல்லை என்பதற்குப் புதுச்சேரியின் சட்ட வரலாறு பதில் வைத்திருக்கிறது. 1881ஆம் ஆண்டு ஆணைப்படி, விரும்பியவர்கள் தங்கள் சாதி, சமய வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றார்கள். இவர்களை ரெனோன்சான் என்று இங்கே சொல்வார்கள். 1954 நவம்பரில் ஆட்சி கைமாறி, 1962 ஆகஸ்டில் சட்டப்படி இணைப்பு முடிந்தபோது, எந்த நாட்டுக் குடியுரிமை என்று தேர்ந்துகொள்ள ஆறு மாதம் கிடைத்தது. பிரான்சைத் தேர்ந்தவர்களில் நிறையப் பேர் கப்பலேறினார்கள். அவர்கள் பிள்ளைகள் பாரிஸ் புறநகர்களில் பிறந்தார்கள், பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் அரைகுறை. இங்கே வைசியாள் வீதிப் பக்கம் ஒரு வீடு, அதற்குப் பங்காளிகள் ஏழெட்டு, மூன்று நாட்டில். விற்கக் கையெழுத்து சேராது. பூட்டி வைத்தால் கரையான். சும்மா ஒருவரைக் குடிவைத்தால் காலி செய்வாரா என்ற பயம். கடைக்கு வாடகைக்கு விடுவதுதான் எல்லோரும் ஒத்துக்கொள்ளும் ஒரே தீர்மானம். வாடகையைப் பங்கு பிரிக்கலாம், முற்றத்தைப் பங்கு பிரிக்க முடியாது.

முற்றத்தைப் பங்கு பிரித்தால் என்ன ஆகும் என்பதற்குக் காரைக்குடி உதாரணம். அங்குள்ள நகரத்தார் வீடுகளிலும் இதே சிக்கல்தான், அளவு மட்டும் பெரிது. பர்மா, மலேயா வியாபாரம் கை நழுவிய பிறகு, ஐம்பது புள்ளிகளுக்கு, அதாவது குடும்பங்களுக்கு, பாத்தியதை உள்ள வளவு வீட்டைக் காப்பது யார்? சிலவற்றைச் சேர்ந்து காத்தார்கள், நல்லது கெட்டதுக்குத் திறந்தார்கள். முடியாதவர்கள் பிரித்து விற்றார்கள். வீட்டை அல்ல, தூணை, நிலையை, பெல்ஜியம் கண்ணாடியை, எவர்சில்வர் வருவதற்கு முந்தைய வாளியை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் அந்த வீடுகள் உறுப்பு உறுப்பாக அடுக்கிக் கிடக்கின்றன. 2014இல் செட்டிநாட்டுக் கிராமங்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறின. தூண்கள் லாரியில் ஏறுவது அதனால் நின்றுவிடவில்லை. அவற்றில் சில புதுச்சேரிக்கு வருகின்றன. பழைய வீட்டைக் கடையாக்குகிறவருக்குச் சொந்தத் தூண் போதாது. இன்னும் கொஞ்சம் பழமை தேவைப்படுகிறது. பாரம் எதையும் தாங்காமல், இரும்பு உத்தரத்துக்குக் கீழே அழகுக்காக நிற்கும் செட்டிநாட்டுத் தூண் ஒன்றை ஒரு கடையில் பார்த்திருக்கிறேன். அடியில் ஆதாரக்கல் இல்லை. எந்தக் கட்டிலிருந்து பெயர்த்தார்களோ, அங்கே கல் மட்டும் கிடக்கும்.

பாரம் என்றதும் கூரைக்கு வர வேண்டும். பழைய வீடுகளைப் பற்றி எழுதுகிறவர்கள் தூணிலும் சன்னலிலும் மயங்கி, கூரையை விட்டுவிடுகிறார்கள். வீடு சாவது கூரை வழியாகத்தான். இந்த ஊர் மாடி வீடுகளின் மேல்தளம் பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸ் முறையில் போட்டது. தேக்கு உத்தரங்களின் மேல் ஓரடி, ஒன்றரை அடி இடைவெளியில் கட்டைகள். கட்டைகளுக்கு மேலே மெல்லிய சிறு செங்கற்களை விளிம்பில் நிறுத்தி, மூலைவாட்டமாகச் சுண்ணாம்புக் காரையில் அடுக்குவார்கள். அதன் மேல் செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். பாட்டு இல்லாமல் அந்த வேலை நடக்காது. கடைசியில் தட்டோடு. இப்படிப் போட்ட தளம் நூறு வருஷம் தாண்டும், ஒரே நிபந்தனை: மழைத் தண்ணீர் தேங்கக் கூடாது, தட்டோட்டின் சந்துகள் திறக்கக் கூடாது. ஐப்பசிக்கு முன்னால் ஒரு ஆள் மேலே ஏறி, மழைக்கண்ணில் அடைத்த சருகை எடுத்து, முளைத்த அரசங்கன்றைப் பிடுங்கி, விரிசலுக்குச் சுண்ணாம்பு தீற்றிவிட்டு இறங்க வேண்டும். அவ்வளவுதான் பராமரிப்பு.

கட்டையின் நடுப்பகுதி லேசில் கெடாது. சுவருக்குள் புதைந்த அதன் தலைதான் முதலில் உளுக்கும். தண்ணீர் சுவரில் இறங்கும், சுண்ணாம்புச் சுவராயிருந்தால் உள்வாங்கி வெயிலில் மூச்சு விட்டுவிடும். கடையாக்கும்போது சிமெண்ட் பூசுகிறார்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் கட்டையின் தலையில் போய்ச் சேர்கிறது. பழைய வீட்டில் ஒரு கட்டை கெட்டால் தளத்தின் அடியில் கறை தெரியும், தூசு கொட்டும், ஊஞ்சலில் உட்கார்ந்திருக்கும் கிழவர் அண்ணாந்து பார்த்து யாரையாவது கூப்பிட்டு அனுப்புவார். கடையில் ஏசியின் குளிர் வீணாகாமலிருக்கவும் ஒயர்களை மறைக்கவும் ஃபால்ஸ் சீலிங் அடிக்கிறார்கள். கறை அதற்கு மேலே, யார் கண்ணிலும் படாத இருட்டில் பரவுகிறது. மாடி அறைகளில் சரக்கு மூட்டைகள் ஏறுகின்றன. நாலு பாயும் ஒரு பீரோவும் எண்ணிப் போட்ட தளம் அது. மழை என்ன செய்யும் என்பதற்குச் சாட்சி உண்டு: 1870களின் தொடக்கத்தில் கட்டி, கடற்கரைச் சாலையில் இந்த ஊரின் முகமாக நின்ற மேரி கட்டடம் என்ற நகர மண்டபம் 2014 நவம்பர் மழையில் சரிந்து விழுந்தது. அரசாங்கக் கட்டடம், எல்லோரும் நேசித்த கட்டடம். பின்னர் பழைய உருவத்திலேயே புதிதாகக் கட்டினார்கள், பார்க்க அப்படியேதான் இருக்கிறது. பெயர் இல்லாத வீடுகள் அதே மழைகளில் விழுந்தபோது அந்த இடத்தில் எதையும் அப்படியே கட்டவில்லை.

கடைக்காரர்களைக் குற்றம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம்தான். ஆனால் வாடகை ஒப்பந்தங்கள் எப்படி எழுதப்படுகின்றன என்று பாருங்கள். பதினொரு மாதம், மிஞ்சினால் மூன்று வருஷம். வெள்ளையடிப்பதும் மின் இணைப்பை வணிகக் கட்டணத்துக்கு மாற்றுவதும் வாடகைதாரர் பொறுப்பு. ‘கட்டடத்தின் உறுதி சார்ந்த பழுது’ உரிமையாளர் பொறுப்பு. அவரோ மூன்று நாடுகளில் ஏழெட்டுப் பேராக இருக்கிறார். நூறு வருஷக் கூரைக்குக் கீழே பதினொரு மாதத்துக்கு உட்கார்ந்திருப்பவர், தன் சொந்தக் காசில் மேலே ஆள் ஏற்றுவாரா? முகப்புக்குச் செலவழிப்பார், அது வாடிக்கையாளரைக் கூப்பிடும். கட்டையின் தலை யாரையும் கூப்பிடுவதில்லை. பாரம்பரியக் கட்டடம் என்று பட்டியலில் சேர்ப்பவர்களும் தெருவில் நின்று முகப்பைத்தான் படம் எடுக்கிறார்கள். மாடியேறித் தளத்தைப் பார்த்துக் குறிப்பெழுதும் பட்டியல் ஒன்று வந்தால், ஒப்பந்தத்தில் ‘ஆண்டுதோறும் புரட்டாசியில் மழைக்கண் சுத்தம் செய்ய வேண்டும், செலவு வாடகையில் கழியும்’ என்று ஒரு வரி சேர்ந்தால், இந்தக் கடைகளில் பலவற்றை நான் இவ்வளவு விமர்சிக்காமல் சுற்றி வருவேன். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் இந்த ஊரில் இன்னும் இருக்கிறார்கள். இப்போது அவர்களுக்குக் கிடைப்பதெல்லாம் முகப்பு வேலைதான்.